அம்மா உட்கார்ந்த வரலாறு

அம்மா கடைசியாக உட்கார்ந்து பதினொரு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. உட்காரப் பிடிக்காமல் இல்லை, உட்கார விடவில்லை. எந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்று முழங்காலை மடக்கினாலும் அது சரியாக ஒரு சாண் பின்னால் நகர்ந்துகொண்டது. மரம், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் ஒரே குணம். டாக்டர் வீட்டு சோபா கனமானது என்பதால் கொஞ்சம் முனகிக்கொண்டே நகர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சரி, தரையில் உட்காரலாம் என்றால், தரை மெல்லச் சாய்ந்து அவளை மறுபடி காலில் நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதது மாதிரி நேராகிவிடும். படுப்பதற்கு மட்டும் தடையில்லை. மகள் ஒரு கையால் முதுகையும் ஒரு கையால் தலையையும் தாங்கி, பலகையைச் சாய்ப்பது போல அவளைக் கட்டிலில் சாய்ப்பாள், காலையில் அதே மாதிரி நிமிர்த்துவாள். முதல் மாதம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டாம் மாதம் பாதித் தெரு. அப்புறம் ஊருக்குப் பழகிவிட்டது. அம்மா நின்றபடியே காய் நறுக்கினாள், நின்றபடியே சாப்பிட்டாள், பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அவளுக்கு மட்டும் இடம் தேடுவதில்லை.

இது எந்த நாளில் ஆரம்பித்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பேச்சை நிறுத்திய நாள் அது. மூத்தவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான், இளையவன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்தான். இரண்டு பேருக்கும் இளையவளான மகள் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலையில் இருந்தாள். இருபது வருஷமாக அதே வேலை என்பதால் அவளுக்கு டார்ச் என்றே பெயர் நிலைத்துவிட்டது, அம்மாகூட அப்படித்தான் கூப்பிட்டாள். தியேட்டருக்கு ஐம்பது வயது ஆன நாளில் ஒரு இலவசக் காட்சி போட்டார்கள். மேனேஜர் டார்ச்சின் குடும்பத்துக்கு ஒரே வரிசையில் டிக்கெட் கொடுத்தார். குடும்பம் குளித்துக் கிளம்பி வந்து சேர்வதற்குள், அந்த வரிசையின் நடுவில் ஒரு குண்டு ஆள் இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். எழுப்பிப் பார்த்தார்கள், மலை அசையவில்லை. வேறு வழியில்லாமல், ஜோடியைப் பிரிக்க வேண்டாமென்று, டார்ச் தன் மூத்த அண்ணனையும் அண்ணியையும் காலியாக இருந்த வேறு இரண்டு இடங்களில் உட்கார வைத்தாள். அந்த இரண்டு இடங்களும் தூணுக்குப் பின்னால் இருந்தன. இடைவேளையில் பெரிய அண்ணி, தூணைப் பார்க்கத்தானா ரெண்டு மணி நேரம் அலங்காரம் செய்துகொண்டு வந்தோம் என்று கேட்டாள். சின்ன அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பதினொரு வருஷம் ஓடிவிட்டது. ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் குடியிருந்து, ஒருவர் வாசலுக்கு வந்தால் இன்னொருவர் உள்ளே போவதென்று வாழ்ந்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பாடா என்று அம்மா நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அது முதல்முறையாக நகர்ந்தது.

பதினொரு வருஷம் நின்றால் எந்த முழங்கால்தான் தாங்கும்? டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தொண்ணூறு நாள் என்றார். அதற்குள் அம்மா உட்கார்ந்து பழகாவிட்டால் அப்புறம் நிற்கவும் முடியாது, மிச்ச காலம் முழுக்கப் படுக்கைதான். அம்மா அதைக் கேட்டுவிட்டு, படுத்தால் நான் போய்விடுவேன், எனக்கு என்னைத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். டார்ச் அன்று காட்சி முழுவதும் டார்ச்சை ஏற்றாமலேயே கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆட்கள் தடவித் தடவிப் போய் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள்.

அதே வாரம் அவளுடைய பழைய போன் பால்கனிப் படியில் உருண்டு செத்தது. புதிதாக வாங்கிய போனில் ஒரு விளையாட்டு ஏற்கனவே இருந்தது. பெயர், யாருக்கு எந்த இடம். உள்ளே போனால் முதலில் பெயர் கேட்டது, டார்ச் என்று போட்டாள். படம் கேட்டது, டார்ச்சை முகத்தில் அடித்து ஒரு படம் எடுத்தாள். கண் கூசிய அந்த முகம் திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது, அவளும் அதை மறந்துபோனாள். கீழே ஒரு தட்டில் சில முகங்கள் இருக்கும், நடுவில் நாற்காலிகள் இருக்கும். தொப்பிக்காரர் ஓரத்தில் உட்கார வேண்டும், இருமுகிறவருக்குப் பக்கத்தில் குழந்தை வேண்டாம், தோழிகள் இருவரும் அடுத்தடுத்து என்று விதிகள் வரும். முகங்களை விரலால் இழுத்து நாற்காலியில் வைக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் மணி அடிக்கும். இருபது வருஷம் ஆட்களுக்கு இடம் காட்டியவளுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. மேட்னி ஓடும்போது கதவோரம் நின்று, போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, பத்து நிலைகளை ஒரே மூச்சில் முடித்தாள்.

பதினோராம் நிலையில் மணி அடித்தபோது எஃப் வரிசையில் ஆறு பேர் எழுந்தார்கள். கண்களைத் திரையிலிருந்து எடுக்காமலே, கால் மிதிபடாமல், ஒருவரையொருவர் தாண்டி இடம் மாறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படம் பார்த்தார்கள். தொப்பிக்காரர் ஓரத்துக்குப் போயிருந்தார். டார்ச் போனைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். அச்சு அசலாக அதே வரிசை. அடுத்த நிலையில் எட்டு பேர். ஜே வரிசையில் எட்டு பேர் எழுந்து மாறினார்கள். இடைவேளை விடுவதற்குள் அவள் பாதி அரங்கத்தை மாற்றி உட்கார வைத்துவிட்டாள், அன்று நடந்த கூத்து அந்தத் தியேட்டரின் அறுபத்தோரு வருஷத்தில் நடந்ததில்லை. தினமும் அழும் குழந்தை ஒரு வழுக்கைத் தலைக்குப் பின்னால் வைக்கப்பட்டதும் அழுகையை நிறுத்திச் சிரித்தது. விவாகரத்துப் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டே படத்துக்கு வந்த ஒரு தம்பதி, இடம் மாறிய பிறகு ஒரே முறுக்குப் பொட்டலத்தை இரண்டு பேருமாகக் காலி செய்தார்கள். படம் என்னவோ படுமோசமான படம். ஆனால் ஒன்பது வாரம் ஓடியது. படம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை, உனக்கு எந்த இடம் கிடைத்தது என்றுதான் கேட்டார்கள்.

செய்தி பரவாமல் இருக்குமா? பல் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய காத்திருப்பு அறையில் நின்று டார்ச் போனைத் திறந்தால், அங்கே இருந்த ஒன்பது பேரும் ஒன்பது முகங்களாகத் தட்டில் இருந்தார்கள். அவர்களைச் சரியாக உட்கார வைத்ததும் இரண்டு பேருக்குப் பல்வலி அங்கேயே போய்விட்டது, டாக்டர் கொஞ்சம் வருத்தப்பட்டார். பஸ் டிப்போவில் கூப்பிட்டார்கள். நகராட்சியில் ஒரு சாக்கடை விஷயமாக ஆறு வருஷமாக மேசையைத் தட்டிக்கொண்டிருந்த பதினான்கு உறுப்பினர்களை அவள் இடம் மாற்றி உட்கார வைத்தாள், இருபது நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறி, மறுநாளே கடப்பாரை சத்தம் கேட்டது. யாரும் யாரையும் இழுத்து உட்கார வைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்தவர்களைக் கேட்டால், அங்கே போய் உட்காரணும் போல இருந்தது, போனோம் என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் செய்தவளுக்கு வீட்டு ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? முதல் நாளே, எஃப் வரிசை மாறிய அன்றே, ஓட்டமாக வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு முன்னால் போனைத் திறந்தாள். திரையில் ஒரு பூட்டு தெரிந்தது. இந்த வீடு இருநூறாம் நிலையில் திறக்கும் என்று கீழே எழுதியிருந்தது. அவள் அப்போது இருபத்தேழில் இருந்தாள். டாக்டர் சொன்ன கெடுவில் எண்பத்தோரு நாள் பாக்கியிருந்தது.

அன்றிலிருந்து டார்ச்சைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பல் துலக்கும்போது இரண்டு நிலை, பஸ்ஸில் மூன்று, மேட்னியில் நான்கு. நூறைத் தாண்டியதும் விதிகள் முறுக்கிக்கொண்டன. பொய் சொல்கிறவருக்கு இடப்பக்கம் இருப்பவர் உண்மை சொல்கிறவருக்கு எதிரில் இருக்கக் கூடாது என்கிற ரகம். தியேட்டரே அவளுக்குப் பின்னால் நின்றது. மேனேஜர் டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தார். ஆபரேட்டர் மேலே இருந்து ரீல் ஓடும் ஓட்டையில் வாயை வைத்து, அந்த மீசைக்காரரை மூணாவது நாற்காலிக்கு மாத்திப் பாரு என்று கத்தினார், படம் பார்த்தவர்கள் அவருக்குக் கைதட்டினார்கள். அம்மா நிற்பதற்கு வசதியாக, வரிசை கட்ட வைத்திருந்த இரண்டு பித்தளைக் கம்பங்களை மேனேஜர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். அம்மா ஒவ்வொரு கையிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எத்தனை ஆச்சு என்று தினமும் கேட்டாள். நூற்றுப்பத்து, நூற்று நாற்பத்தாறு, நூற்றுத் தொண்ணூறு. கெடுவின் எழுபத்தோராம் நாள், காலைப் பத்து மணிக்கு, சந்தை நடுவில் பூட்டு உடைந்தது. டார்ச் காய்கறிப் பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு பாதிச் சந்தை ஓடியது.

இருநூறாம் நிலையில் ஒரு வட்ட மேசை இருந்தது, சுற்றி ஆறு நாற்காலிகள். அவர்கள் வீட்டு மேசையேதான், ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறைகூட இருந்தது. தட்டில் ஐந்து முகங்கள்: அம்மா, இரண்டு அண்ணன்கள், இரண்டு அண்ணிகள். விதிகள் நாலே நாலு. அம்மாவின் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மனைவியும் தன் புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும். மருமகள்கள் இருவரும் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. எந்த நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. டார்ச் முதல் மூன்றையும் கண் மூடித் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். நடுவில் அம்மா, இந்தப் பக்கம் பெரியவன், அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி, அந்தப் பக்கம் சின்னவன், அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி. இரண்டு அண்ணிகளுக்கும் நடுவில், அம்மாவுக்கு நேர் எதிரில், ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மணி அடிக்கவில்லை.

ஐந்து பேரை வைத்து ஆறு நாற்காலியை எப்படி நிரப்புவது? ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. டீக்கடைச் சுவரில் கரியால் வட்டம் வட்டமாகப் போட்டார்கள். நிஜ மேசையிலும் முயற்சி நடந்தது. ஆறாவது நாற்காலியில் காலமான அப்பாவின் படத்தை வைத்தார்கள், பூனையை வைத்தார்கள், கண்ணாடிக் கடை வாசலில் இருக்கும் பொம்மைத் தலையை ராத்திரிக்கு ராத்திரி யாரோ கழற்றிக்கொண்டு வந்து வைத்தார்கள். அம்மா முழங்காலை மடக்கினாள், நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். நாற்காலியைக் குறைத்தால் மருமகள்கள் ஒட்டிக்கொள்வார்கள், குறைக்காவிட்டால் ஒன்று காலியாகும், ஆகவே இதற்கு விடை கிடையாது என்று நிரூபித்து, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். இது கணக்கில்லை, கேலி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எண்பத்தெட்டாம் நாள் அம்மாவின் முழங்கால்கள் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தன. பித்தளைக் கம்பங்கள் அவள் கையில் கிடுகிடுவென்று ஆடின. நண்பகல் பன்னிரண்டரை மணி. டார்ச் மேட்னிக்குக் கிளம்ப வேண்டும், கிளம்பவில்லை. இவ்வளவு பேரை உட்கார வைத்தவளுக்குப் பெற்றவளை உட்கார வைக்கத் துப்பில்லையே என்று அடுப்படியில் நின்று அழுதாள். வழக்கம் போல அவளும் நின்றபடிதான் சாப்பிட்டு முடித்திருந்தாள். தியேட்டரில் படம் ஓடும்போது டார்ச் அடிப்பவர் உட்காரக் கூடாது என்பது விதி. வீட்டில் அம்மா நிற்கும்போது தான் உட்காருவது மரியாதை இல்லை என்பது அவளாகப் போட்டுக்கொண்ட விதி. அம்மா போனை வாங்கி, எட்டத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அன்னைக்கு மேனேஜர் எத்தனை டிக்கெட்டு குடுத்தாரு?" என்று கேட்டாள்.

"ஆறும்மா."

"நாங்க அஞ்சு பேரு. ஆறாவது யாருக்கு?"

டார்ச் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத்தான் என்றாள்.

"அப்ப நீ எங்கடி உக்காந்த?"

அன்றைக்கு டார்ச் உட்காரவில்லை. தனக்கென்று கொடுத்த டிக்கெட்டை, எனக்கு எதற்கு, நான் எப்படியும் நிற்கப்போகிறவள்தானே என்று, வாசலில் டிக்கெட் கிடைக்காமல் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருந்த ஒரு குண்டு ஆளிடம் கொடுத்துவிட்டாள். அவர் சந்தோஷமாக உள்ளே போய், வரிசையின் நடுவில் உட்கார்ந்து, குறட்டை விட்டார். அவ்வளவுதான் நடந்தது. இருபது வருஷமாக நானூறு தலைகளைத் தினமும் எண்ணுகிறவள், அந்த எண்ணிக்கையில் தன்னை ஒரு நாளும் சேர்த்ததில்லை. அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. டார்ச் உட்கார்ந்து பார்த்தவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை, அதனால்தான் கணக்கு டீச்சர் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கீழே தட்டையே பார்த்தார்கள். மேல் மூலையில், ஒரு சின்ன வட்டத்துக்குள், கண் கூசியபடி ஒரு முகம் எண்பது நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. டார்ச் விரலை அதன் மேல் வைத்து இழுத்தாள். அது வந்தது. இரண்டு அண்ணிகளுக்கும் நடுவில், அம்மாவுக்கு நேர் எதிரில் கொண்டுபோய் விட்டாள்.

மணி அடித்தது. அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது என்கிறார்கள். பெரியண்ணன் ஒரு கிழவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தவன், கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் படித்து முடிப்பதற்குள் கடையை விட்டு இறங்கினான். சின்னண்ணன் கையில் ஸ்பேனரோடு வந்தான். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் பெரிய அண்ணி ரப்பர் ஸ்டாம்பைக் கீழே வைக்காமல் வந்தாள். தையல்காரியான சின்ன அண்ணி கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்ததால் கதவில் கொஞ்சம் நெரிசல் ஏற்பட்டது. யாரும் யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா கம்பங்களை விட்டுவிட்டு, தன் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். ஆனால் மடங்கவில்லை, எதிரில் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஏதோ திருட வந்தவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"உக்காருடி," என்றாள் அம்மா. "நீ உக்காந்தாத்தான் நான் உக்கார முடியும்."

டார்ச் உட்கார்ந்தாள். அம்மா முழங்காலை மடக்கினாள். நாற்காலி நகரவில்லை. பழைய மரம், லேசாகக் கிரீச்சிட்டது, அவ்வளவுதான். அம்மா முதலில் நுனியில் இருந்தாள், அப்புறம் நடுவுக்கு வந்தாள், அப்புறம் முழு முதுகையும் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். மணிச் சத்தம் கேட்டு வந்து ஜன்னலில் குவிந்திருந்த சந்தைக்காரர்கள் அப்படியே அழுதுவிட்டார்கள். டார்ச் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் பரிமாறலாம் என்று எழுந்தாள். நாற்காலியும் அவளோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள், மறுபடியும் ஒட்டிக்கொண்டு வந்தது. சரி போ என்று சின்ன அண்ணியே போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

விளையாட்டு உட்கார மட்டும்தான் வைத்தது, பேச வைக்கவில்லை. சாப்பாட்டின் பாதி வரை கரண்டிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் சின்ன அண்ணி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், டார்ச்சைத் தாண்டிப் பெரிய அண்ணியிடம் சொன்னாள்.

"அன்னைக்கு நான் உங்களைப் பாத்துச் சிரிக்கலக்கா. அந்த ஆளு குறட்டையில முன் சீட்டுக்காரர் தொப்பி மேல போய் மேல போய் வந்துச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன்."

பெரிய அண்ணி மென்று விழுங்கினாள். இதைப் பதினொரு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டாள். நீங்க கேக்கலையே என்றாள் சின்னவள். பெரிய அண்ணிக்கு முதலில் உதடு துடித்தது, அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் அடக்க முடியாமல் அவளும் சிரித்தாள். பெரியண்ணன் தம்பியிடம், தன் வீட்டு மோட்டார் ஒரு மாதிரி இரைகிறது என்றான். அது பதினொரு வருஷமாக இரைவது எதிர்வீட்டுக்கே கேட்கிறது என்றான் தம்பி.

அம்மா அதன்பிறகு மூன்று நாள் எழுந்திருக்கவில்லை, கேட்டால் பாக்கி இருக்கிறது என்றாள். வீக்கம் வடிந்தது. டாக்டர் வந்து பார்த்து, தன் சோபாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விசாரித்தார். போனில் இருந்த விளையாட்டு இருநூறோடு முடிந்துவிட்டது, இப்போது திறந்தால் மணி மட்டும் கேட்கும். கணக்கு டீச்சர் தன் நிரூபணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், ஐந்து என்பதை ஆறு என்று திருத்திக் கொண்டுவந்து கொடுத்தார். மேனேஜர் விதிப்பலகையில் டார்ச் உட்காரக் கூடாது என்ற வரியை அடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு மேட்னிக்குக் குடும்பம் முழுவதும் வந்தது, ஆறு டிக்கெட், ஆறு பேர். அரங்கம் நிரம்பிவழிந்ததால் இந்த முறை ஆறு பேருக்குமே தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. டார்ச் எல்லோருக்கும் வெளிச்சம் காட்டி உட்கார வைத்துவிட்டு, டார்ச்சை அணைத்துவிட்டு, அண்ணிகளுக்கு நடுவில் தானும் உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்ததும் தூண் ஒரு சாண் நகர்ந்துகொண்டது. திங்கட்கிழமை இன்ஜினியர் வந்து அளந்து பார்த்து, கட்டடத்துக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியண்ணனுக்கு முழுத் திரையும் தெரிந்தது.